அந்தோணியார் பெட்டியில் விழுந்த சீட்டு

வெயில் முகத்தில் அடிக்கும் நேரமாகியும் ரெக்ஸின் ஜீப் வாசலிலேயே நின்றது. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களை ஏற்றிக்கொண்டு இந்நேரம் கம்பம்மெட்டு மலை வளைவுகளில் முக்கி முனகிக்கொண்டிருக்க வேண்டிய வண்டி. இப்போது அதன் பானெட்டில் ஒரு சேவல் ஏறி நின்று தெருவை மேற்பார்வை செய்தது.

"பேசாம அதையே வண்டிய ஓட்டச் சொல்லு. நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எந்திரிக்குது," என்றான் ரெக்ஸ், வாயில் பிரஷ்ஷோடு.

சிரிப்பு வந்ததை அவன் மனைவி ரோஸ்லின் அடக்கிக்கொண்டாள். "இன்னைக்குத் தேனிக்குப் போகணும்ல. டாக்டரம்மா வரச் சொன்ன நாளு."

"அந்தம்மாதான் ஊருக்கே மைக்கு வச்சுச் சொல்லிட்டாகளே. இன்னும் என்னத்தச் சொல்ல நான் போகணும்?"

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டான்.

போன செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் கோயிலில் வாராவாரம் நடக்கும் நவநாள் செபத்தில் நடந்ததை ஊர் இன்னும் மென்றுகொண்டிருந்தது. மன்றாட்டுப் பெட்டியில் மக்கள் போட்ட சீட்டுகளை உபதேசியார் வழக்கம்போல மைக்கில் வாசித்தார். பரீட்சையில் பாஸாக வேண்டும், மாடு சினை பிடிக்க வேண்டும், துபாய் விசா வர வேண்டும். எந்தச் சீட்டிலும் பேர் இருக்காது. 'ஒரு தாய்' என்றோ 'ஒரு குடும்பத்தார்' என்றோதான் இருக்கும். அந்த வரிசையில் ஒரு சீட்டை எடுத்து அதே ராகத்தில் இழுத்தார்.

'ஜீப் ஓட்டும் மரிய சூசை ரெக்ஸ் தேனியில் மனநல டாக்டரிடம் போய்வருகிறான். அவனுக்கு நல்ல உறக்கம் தர வேண்டுமென்று மன்றாடுவோம்.'

முழுதாக வாசித்த பிறகுதான் உபதேசியாருக்கே தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் கூட்டம் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்லிவிட்டது. கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர்கள் டீக்கடை, பால் சொசைட்டி, திராட்சைத் தோட்டம் வரைக்கும் சேதியைக் கொண்டுபோய்விட்டன. வாசித்த சீட்டுகளை அன்றே எரித்துவிடுவது கோயில் வழக்கம். எழுதியது யார் என்று பார்க்கவும் வழியில்லை.

மறுநாளிலிருந்து தோட்டத்துப் பெண்கள் இன்னொரு டிரைவரான சங்கிலியின் ஜீப்பில் ஏறினார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. போன மழைக்காலத்தில் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனபோது, ரெக்ஸ் வண்டியைப் பாறைப் பக்கம் உரசி நிறுத்தினான். யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. ஆனால் அவனுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் வளைவு வந்தது, நெஞ்சு படபடத்தது. ரோஸ்லின் கெஞ்சிக் கூத்தாடித்தான் டாக்டர் ஃபர்ஹீனிடம் அனுப்பி வைத்தாள். இப்போது தெருக்கோடி வரை கேட்கும்படி குறட்டை விடுகிறான். ஊருக்குத்தான் அது தெரியாது.

வில்லங்கம் எங்கே என்றால், டாக்டர் ஃபர்ஹீன் கம்பம் கமால் பாயின் அக்கா மகள். ஜீப்பின் முதலாளி கமால் பாய்.

"மாமனும் மருமகளும் சாப்புடுறப்ப என்னையத் தொட்டுக்கிட்டுச் சாப்புட்டுருப்பாக," என்பது ரெக்ஸின் கணக்கு. "அங்கனருந்துதான் ஊருக்கு வந்திருக்கு. இருக்குற மாத்திரை தீரட்டும். அப்புறம் நானாச்சு, மோட்டுவளையாச்சு."

அந்தக் கடைசி வார்த்தைதான் ரோஸ்லினை உறுத்தியது. ஜீப் போனால் இன்னொரு ஜீப் கிடைக்கும். டாக்டரை விட்டால், மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கும் அந்த ஆள் திரும்பி வந்துவிடுவான். இன்று சாயங்காலம் கமால் பாயே வீட்டுக்கு வந்து வண்டி விஷயம் பேசப்போகிறார். அதற்குள் உண்மை தெரிய வேண்டும்.

"லைனிங் துணி தீந்துருச்சு. தேனிக்குப் போயிட்டு வந்துர்றேன்," என்று தன் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது சண்முகத்தாய். தோட்டத்துப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் எந்த ஜீப்பில் ஏறுகிறாளோ அதில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள்.

"எங்கத்தா தேனிக்கா?"

"லைனிங் எடுக்கக்கா. நீங்க?"

"கடவாப்பல்லு." சண்முகத்தாய் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்னமனூர் வரும்வரை பல்லைப் பற்றியே பேசினாள். வீரபாண்டி தாண்டியதும் குரலை இறக்கினாள். "ரெக்ஸு தம்பி கோவமா இருக்கா எங்க மேல?"

"கோவமில்லக்கா. வருத்தந்தான்."

"எனக்கு ஒண்ணுமில்லத்தா. நான் ஏறிருவேன். கூட வர்றவளுகதான், தூங்காத ஆளு வளைவுல கண்ணசந்துட்டான்னா என்ன பண்ணுறதுங்குறாளுக. நான் என்னத்தச் சொல்ல? அதப்பத்தி எனக்கென்ன தெரியும்?"

இப்போது இடது கன்னத்தைப் பிடித்திருந்தாள். ரோஸ்லின் அதைக் கவனித்தும் கவனிக்காதவளாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஃபர்ஹீனின் கிளினிக் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறுகிற யாரும் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே நாற்காலிகள் எல்லாம் ஒன்றையொன்று பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. வரவேற்பு மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சட்டையில் குத்திய வில்லையில் ராஜமணி என்றிருந்தது.

"என் வீட்டுக்காரரு இங்கன வர்றாக. பேரு ரெக்ஸ்," என்று ஆரம்பித்தாள் ரோஸ்லின்.

"அப்படி ஒருத்தர் வர்றாரா இல்லையான்னு நான் சொல்ல முடியாதும்மா."

"நாந்தான் சொல்றேனே வர்றாகன்னு."

"நீங்க சொல்லலாம். நான் சொல்லக் கூடாது."

"இன்னைக்கு அவுகளுக்கு அப்பாயின்ட்மென்ட்."

"அப்படியா."

ரோஸ்லின் போனைத் திறந்து கல்யாணப் போட்டோவை நீட்டினாள். "இவுகதான். பாருங்க. நான் அவுக பொண்டாட்டி."

ராஜமணி கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தாள். "போட்டோ நல்லா வந்திருக்கு. எந்த ஸ்டுடியோ?"

"இவுக இங்கன வந்திருக்காகல்ல?"

"ஜாக்கெட்டும் அம்சமா தச்சிருக்காக."

"அது நானே தச்சது," என்றாள் ரோஸ்லின், கோபத்தின் நடுவிலும் விட்டுக்கொடுக்காமல். "அம்மா, நான் சண்டை போட வந்திருக்கேன். எனக்கு டாக்டரைப் பாக்கணும்."

"அதச் சொல்லிருக்கலாம்ல. டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க."

தன் முறை வந்து உள்ளே போனபோது, வழியெல்லாம் தீட்டி வைத்திருந்த வார்த்தைகளை அவள் ஒன்று விடாமல் கொட்டினாள். சீட்டு, மைக், சேவல் ஏறிய ஜீப், கமால் பாய். டாக்டர் ஃபர்ஹீன் பேனாவைக்கூடத் தொடாமல் கேட்டாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் முக்காடு, மேசையில் பாதி தின்ற முறுக்கு.

"நீங்க சொல்றத எம்புட்டு நேரம்னாலும் கேப்பேன்," என்றாள் டாக்டர். "பதிலுக்கு நான் அவரப் பத்திச் சொல்லத்தான் வழியில்ல. அவரே உங்களக் கூட்டிட்டு வந்து, இவங்ககிட்டப் பேசலாம்னு சொன்னா பேசுவேன்."

"பொண்டாட்டிகிட்டக் கூடவா?"

"பொண்டாட்டி, அம்மா, முதலாளி, தாய்மாமன், யாரா இருந்தாலும். ஒருத்தர் இந்த நாற்காலியில உக்காந்து பேசுறது அவருக்குச் சொந்தம். உசுருக்கு ஆபத்துங்குற மாதிரி ஒண்ணு ரெண்டு விசயத்துக்கு மட்டும்தான் சட்டம் விலக்குக் குடுத்திருக்கு. ஊர் ஆசைப்படுதுங்குறது அதுல இல்ல."

ரோஸ்லினுக்குத் தன் தையல் கடை நினைவுக்கு வந்தது.

அவள் கடையிலும் அப்படி ஒன்று உண்டு. யாருக்கு இடுப்பு எத்தனை, யார் ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்து விட வேண்டியிருக்கிறது, எந்த மணப்பெண்ணுக்கு ஒரு தோள் இறக்கம் என்பதெல்லாம் அவளோடுதான் கிடக்கும். மாமியார்காரியே வந்து மருமகளின் சுற்றளவு கேட்டபோதும் 'டேப்புக்குத்தான் தெரியும்' என்று அனுப்பியிருக்கிறாள். பொண்டாட்டிக்கே வாய் திறக்காத இவர்கள் உபதேசியாருக்கா சொல்லியிருப்பார்கள்?

"அப்ப ஊருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று பாதி தனக்குள்ளேயே கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. முறுக்கு எடுத்துக்குங்க."

வெளியே வந்தபோது ராஜமணி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். வெறும் எண். இந்த இடத்தில் யாரையும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

பேர்.

ரோஸ்லின் அப்படியே நின்றாள். மைக்கில் வந்தது வெறும் ரெக்ஸ் இல்லை, மரிய சூசை ரெக்ஸ். ஆதாரில் ரெக்ஸ். லைசென்ஸில் ரெக்ஸ். ஞானஸ்நானத்தில் வைத்த அந்த முழுப்பேரைச் சொல்கிற ஒரே ஜீவன் அவள் வீட்டிலேயே இருந்தது, தினமும் இரவுச் செபத்தில் சொல்லும். 'போய்வருகிறான்' என்று உரிமையோடு ஒருமையில் எழுதக்கூடியதும் அதே ஜீவன்தான்.

அந்த அதிர்ச்சியில் திரும்பியவள், ஜன்னலோர நாற்காலியில் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்த ஒரு பெண்ணின் காலை மிதித்தாள்.

"ஆத்தாடி," என்றது முக்காடு.

சண்முகத்தாய்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சண்முகத்தாய் முதலில் இடது கன்னத்தைப் பிடித்தாள். யோசித்துவிட்டு வலது கன்னத்துக்கு மாறினாள்.

"பல்லு டாக்டரு கீழ்மாடிலக்கா," என்றாள் ரோஸ்லின், மெதுவாக.

"அப்படியாத்தா. நான் ஒரு மாடி கூடுதலா ஏறிட்டேன் போல." அவள் கையிலிருந்த டோக்கன் கசங்கியது. "லைனிங் கடையும் இங்கன இல்லையே?"

"நானும் ஏறிட்டேன் போலக்கா."

சண்முகத்தாயின் உதட்டோரம் துடித்தது. ரோஸ்லின் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் படியிறங்கினாள். அளவெடுத்த டேப்பைச் சுருட்டி உள்ளே வைக்கிற மாதிரிதான் இருந்தது.

வீட்டில் மாமியார் வியாகுலமேரி அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்தோணியாருக்கு நீங்க சீட்டு எழுதிப் போட்டீகளா?"

"ஆமா," என்றாள் வியாகுலமேரி, ஒரு மொச்சையைக்கூடத் தவறவிடாமல். "ஏன்?"

"ஏனா? ஒரு வாரமா ஊரே அல்லோலகல்லோலப்படுது. சொல்லவேண்டியதுதானே?"

"என்னைய யாரும் கேக்கலையே."

"யாருகிட்டயும் சொல்லாதீகன்னு சொன்னேன்ல?"

"யாருகிட்டயும் சொல்லலையே. அந்தோணியாருகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"அத உபதேசியார் மைக்குல வாசிப்பாருல்ல அத்தை?"

"மத்தவக சீட்ட வாசிப்பாரு. நம்ம சீட்டுல பேரு இருக்கேன்னு மனசுக்குள்ள வாசிப்பாருன்னு இருந்தேன்."

"பேர எதுக்கு எழுதுனீக?"

வியாகுலமேரி இப்போதுதான் நிமிர்ந்தாள். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. "பேரு இல்லாமப் போட்டு, அந்தத் தூக்கம் வேற எவனுக்காவது போயிருச்சுன்னா? போன வருசம் உன் நாத்தனாளுக்கு மாப்பிள்ள கேட்டுப் பேரில்லாமத்தான் போட்டேன். எதுத்த வீட்டு ரீட்டாவுக்கு முடிஞ்சிருச்சு."

ரோஸ்லின் அம்மிமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதற்குள் நினைவு வந்தது. மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னது யார்? 'மாசம் ரெண்டு தடவ தேனிக்கு எதுக்குப் போறான், அங்கன எவளையும் வச்சிருக்கானா' என்று இதே அடுப்படியில் கிழவி கேட்க, புருஷனின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லாவற்றையும் சொன்னது யார்? ரெக்ஸ் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தான்.

வாசலில் புல்லட் சத்தம். கமால் பாய்.

"டீயில சீனி கம்மியாப் போடுத்தா," என்றபடியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ரெக்ஸ் எதிரே நின்றான். ஜீப் சாவி கையிலேயே இருந்தது. கேட்டதும் கொடுத்துவிடத் தயாராக.

"தம்பி, நேராவே பேசிருவோம். மைக்குல கேட்ட பொம்பளைக வந்து சொன்னாக. எனக்கும் மனசு கேக்கல. தேனியில மனநல டாக்டர்னா என் அக்கா மக ஒருத்தி இருக்கா. நீ அவகிட்டத்தான் போறியா, வேற எங்கனயும் போறியா, எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழம விருந்துல பக்கத்துல உக்காந்து கேட்டேன். நம்ம ரெக்ஸு உன்கிட்ட வர்றானாமே, எப்படி இருக்கான், வண்டி குடுக்கலாமான்னு. என்ன சொன்னா தெரியுமா?"

ரெக்ஸின் விரல் சாவியில் இறுகியது.

"மாமு, இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டுமான்னா."

"அப்புறம்?"

"ஊத்திட்டா. மறுபடி கேட்டேன். மறுபடி ஊத்திட்டா. கறிச்சட்டி காலியாகுற வரைக்கும் கேட்டேன். அவ வாயத் தொறக்கல, எனக்குத்தான் வயிறு உப்பிப்போச்சு." கமால் பாய் மனத்தாங்கலோடு டீயை உறிஞ்சினார். "என் தோளுல வளந்த புள்ள. கம்பத்துல இம்புட்டுப் பேரு எனக்குச் சலாம் வைக்கிறான். அவளுக்கு நான் யாரோ."

குறையாகத்தான் சொன்னார். ஆனால் மீசைக்கடியில் பெருமை எட்டிப் பார்த்தது.

ரெக்ஸ் மெதுவாகத் திண்டில் உட்கார்ந்தான். "அப்ப... யாரு?"

"நாந்தான்," என்றாள் ரோஸ்லின்.

டீ வடிகட்டி இன்னும் அவள் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "அத்தைகிட்ட நாந்தான் சொன்னேன். உங்களக் கேக்காமச் சொன்னேன். அத்தை அந்தோணியார்கிட்டச் சொன்னாக. அங்கனருந்து மைக்கு."

ரெக்ஸ் அம்மாவைப் பார்த்தான். வியாகுலமேரி மொச்சைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ரீட்டாவின் கல்யாணக் கதையை ஆதியிலிருந்து சொன்னாள். முடிப்பதற்குள் கமால் பாய்க்கு டீ மூக்கில் ஏறியது. ரெக்ஸ் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. தோள் குலுங்கியது.

சிரித்து முடித்ததும் ரோஸ்லினிடம் திரும்பினான். கண் சிரிக்கவில்லை.

"ஊரு பேசுனது போகட்டும். ஒரு வாரமா அந்தம்மா மேல பழியப் போட்டு உக்காந்திருந்தேன். இனிமே என்னையப் பத்தி யாருகிட்டச் சொல்லணும்னாலும், மொதல்ல என்கிட்டச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள்.

"பாய், நானே சொல்றேன் கேளுங்க," என்று ரெக்ஸ் கமால் பாய் பக்கம் திரும்பினான். பிரேக் போனது, தூக்கம் போனது, தேனிக்குப் போனது எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். "இப்ப நல்லாத் தூங்குறேன். காலையில அசதியா இருந்தா வண்டியத் தொடாதன்னு டாக்டர் சொல்லியிருக்காக. அப்படி ஒரு நாளும் இருந்ததில்ல. இருந்தா நானே போன் பண்ணிருவேன்."

கமால் பாய் எழுந்தார். சாவி இருந்த ரெக்ஸின் கையை மூடிவிட்டார். "எனக்கு இது போதும். ஆனா சாவி நான் குடுக்கலாம், ஏறுற ஆளுகள எங்கனருந்து குடுக்க?"

"அதுக்கு நான் வந்துட்டேன்," என்றது வாசல்.

சண்முகத்தாய் நின்றாள். ரோஸ்லினைப் பார்க்கவில்லை. "தம்பி, நாளைக்கு வெள்ளன வண்டிய எடு. எங்காளுக அம்புட்டுப் பேரையும் கூட்டியாறேன். தூக்கத்துக்கு வைத்தியம் பாக்குறவன நம்பலாம், பாக்காம ஓட்டுறவனத்தான் நம்பக்கூடாதுன்னு சொல்லிட்டேன். முன் சீட்டு எனக்கு."

"பல்லு எப்படிக்கா இருக்கு?" என்றான் ரெக்ஸ்.

அவளுக்குப் பல்வலி என்று இவனுக்கு யார் சொன்னது? ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள்.

"தேவல தம்பி," என்றாள் சண்முகத்தாய், எந்தக் கன்னத்தையும் பிடிக்காமல்.

எல்லோரும் போனபின் ரெக்ஸ் கிளினிக்குக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமைக்கு வேறு நேரம் வாங்கினான். 'நீங்க யாரு பேசுறது' என்று ராஜமணி குடைந்து குடைந்து கேட்டதை ரசித்துச் சொன்னான். "வெள்ளிக்கிழம நீயும் வா. நீ கேக்கலாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

ரோஸ்லின் தலையாட்டினாள். பிறகு, அடக்க முடியாமல், "ஏங்க, அங்கன நம்ம ஊரு ஆளு யாரையும் பாத்திருக்கீகளா?" என்று கேட்டாள்.

ரெக்ஸ் சேவலை பானெட்டிலிருந்து இறக்கிவிட்டான். "இல்லையே. நீ?"

"நானா? யாரையும் பாக்கல."

இருவரும் ரொம்பக் கவனமாக மலையைப் பார்த்தார்கள்.

கோயில் மணி அடித்தது. செவ்வாய்க்கிழமை. நவநாள். வியாகுலமேரி முக்காடு போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். மடித்த சீட்டு ஒன்று விரலிடுக்கில் தெரிந்தது.

"அத்தை, நில்லுங்க," ரோஸ்லின் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். "அதுல பேரு எழுதிருக்கீகளா?"

"நான் என்ன கூறுகெட்டவளா?" வியாகுலமேரி நடையை நிறுத்தவில்லை. "ஒருக்கப் பட்டது பத்தாதா? பேரே எழுதல."

ரோஸ்லினுக்கு மூச்சு வந்தது.

"வண்டி நம்பர் மட்டுந்தான் போட்டிருக்கேன்."